ஸர் கில்பர்ட் வாக்கரும் பருவமழைக் கணக்கும்

கடலூர்க் கரையிலும் சிதம்பரத்தை அடுத்த வயல்களிலும் வாழ்வோர் மழையைக் கொண்டே ஆண்டின் வரவு செலவைக் கணக்கிடுவர். தென்மேற்குப் பருவக்காற்று குடகுமலையில் மழை பெய்விப்பின் காவிரி பெருகும். கொள்ளிடத்து நீர் வடவாற்றின் வழியே வீராணத்து ஏரியை அடையும். பின்னர் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும். அது குறையின் பயிர் வாடும், மிகின் மூழ்கும். இவ்வாண்டு மழை எவ்வாறிருக்கும் என்பதை முன்னரே அறிதல் கூடுமோ? இவ்வினாவிற்கு விடைதேடி இந்நாட்டில் இருபதாண்டு உழைத்தவர் ஸர் கில்பர்ட் வாக்கர். அவர் வானிலை நூல் பயின்று வந்தவரல்லர், கணித சாஸ்திரி.

வாக்கர் 1868-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் இங்கிலாந்தில் ராச்டேல் நகரிற் பிறந்தார். தந்தையார் எஞ்சினீயர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் டிரினிடி கல்லூரியிற் பயின்று, 1889-இல் கணிதப் பரீட்சையில் யாவரினும் முதல்வராய்த் தேறினார். மிகுதியாய்ப் படித்ததனால் உடல் நலங் குன்றவே, சில குளிர்காலங்களை ஸ்விட்ஜர்லாந்திற் கழிக்க நேர்ந்தது. பின்பு தம் கல்லூரியிலேயே கணிதம் போதித்தார். நம் நாட்டு வளரியை ஒத்த ஆஸ்திரேலிய எறிகருவியாகிய பூமராங் எறிந்தவர்பால் மீளுவது எவ்வாறு என்பதை ஆராய்ந்து 1897-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாமே அதனை வீசிப் பழகியதனால் நண்பர்கள் அவரை ‘பூமராங் வாக்கர்’ என்றே அழைத்தனராம். புல்லாங்குழலின் அமைப்பையும் ஆராய்ந்தார்.

இத்தகையவர் இந்தியாவிற்கு வரலானது எங்ஙனம்? தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டன்மார் மறந்தாரல்லர். 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை மாகாணத்திற் பல லட்சம் மக்கள் மடிந்தனர். 1875-இல் நிறுவப்பெற்ற இந்திய வானிலை இலாகாவின் முதல் தலைவர் பிளான்போர்டு, இமயத்திற் பனி மிகின் மழை குறையும் என்னும் குறிப்பைக் கொண்டு முன்னறிவிப்பைத் தொடங்கினார். அடுத்துவந்த எலியட் வேறு பல குறிகளையும் சேர்த்தார். ஆயினும் 1899-இல் அறிவிப்புக்கு மாறாக மழை பொய்த்துப் பெரும்பஞ்சம் உண்டாயிற்று. அவருக்குப் பின் 1904-இல் இலாகாவின் தலைமையை ஏற்றவரே வாக்கர்.

காற்றின் போக்கைச் சமன்பாடுகளால் முற்றும் அளந்துவிடலாம் என்று அவர் கருதினாரல்லர். முதலில் உண்மைகளைத் திரட்டுவோம், காரணம் பின்னர்த் தோன்றும் என்பதே அவர்தம் கொள்கை. எனவே உலகின் பல இடங்களிற் குறிக்கப்பெற்ற காற்றழுத்தம், வெப்பம், மழை, நைல்நதியின் வெள்ளம் ஆகியவற்றின் ஆண்டுக் கணக்குகளைத் தொகுத்து, அவற்றுள் எதற்கும் எதற்கும் ஒட்டுறவு உண்டென்று கணக்கிடுவித்தார். கணிப்பொறி இல்லாத அந்நாளில் இந்தியக் குமாஸ்தாக்களே பல்லாண்டு கையாற் கணக்கிட்டு முடித்தனர்.

இம்முறையில் ஓர் அபாயம் உண்டு. நூறு மாணாக்கர் தனித்தனியே ஒரு காசினை ஆறு முறை சுண்டினால், ஒருவருக்கோ இருவருக்கோ ஆறு முறையும் தலையே விழக்கூடும். அவர்தம் விரலில் ஏதோ சக்தி உளதென்று நாம் கொள்ளின் அஃது அறியாமையாம். அவ்வாறே ஆயிரம் எண்தொடர்களை ஒப்பிடுவோர்க்குச் சில பொய்யுறவுகள் மெய்போற் காட்டும். அவற்றை வடிகட்டும் அளவுகோலொன்றை 1914-இல் வாக்கரே வகுத்தார். தம் முறையின் குற்றத்தைத் தாமே முதலில் ஆராய்ந்தமையே அவர்தம் பெருமை.

இந்நேர்மையாற் பயன்பெற்றவருள் நம் இராமானுஜனும் ஒருவர். 1913 பெப்ருவரியில் வாக்கர் சென்னைக்கு வந்தபோது, மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் துறைமுகத்திற் குமாஸ்தாவாயிருந்த அவ்விளைஞரின் குறிப்புகளை ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் அவருக்குக் காட்டினார். வாக்கர் சர்வகலாசாலைக்குக் கடிதம் எழுதினார். அக்கணிதப் பகுதி தாம் சிறப்பாய்ப் பயின்றதன்று என்பதை ஒளிக்காமற் கூறி, எனினும் இவர் பிழைப்புக் கவலையின்றிக் கணிதத்திலேயே ஈடுபடச் சில ஆண்டுகள் உதவுதல் தகும் என்று பரிந்துரைத்தார். அதன்பின் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை ஈராண்டுக்குக் கிடைத்தது. தம் அறிவின் எல்லையை உரைத்தவரது சொல்லுக்கு மதிப்பு குறையவில்லை.

வாக்கர் கண்டவற்றுள் தலையாயது 1924-இல் அவர் பெயரிட்ட ‘தென் அலைவு’ என்பது. பசிபிக் கடலில் காற்றழுத்தம் ஏறும்போது இந்துமாக்கடற் பகுதியில் இறங்கும். அங்கே இறங்கும்போது இங்கே ஏறும். துலாக்கோலின் இரு தட்டுகள் போன்ற இவ்வசைவுக்கும் நம் பருவமழைக்கும் தொடர்பு உண்டு. அவ்வாண்டிலேயே ஸர் பட்டம் பெற்று ஓய்வுற்ற அவர், பின்னர்ப் பத்தாண்டு லண்டன் இம்பீரியல் கல்லூரியிற் பேராசிரியராயிருந்தார்.

எனினும் மழையை உறுதியாக முன்னுரைக்கும் எண்ணம் அவர் காலத்தில் நிறைவேறவில்லை. 1958 நவம்பர் 4-ஆம் நாள் அவர் மறைந்தபோது, அவருடைய ஒட்டுறவுகளிலிருந்து பெரிய கோட்பாடெதுவும் பிறக்கவில்லை என்றே அறிஞர் சிலர் எண்ணினர். பதினோராண்டு கழிந்தபின், 1969-இல் பியர்க்னஸ் என்னும் அறிஞர் காரணத்தை விளக்கினார். பசிபிக்கின் மேற்கே வெந்நீர்ப் பரப்பின்மேல் காற்று எழுந்து, கிழக்கே குளிர்ந்த நீரின்மேல் இறங்குகின்றது. கிழக்குக் கடல் சூடேறும் எல்நினோ ஆண்டுகளில் இச்சுழற்சி தளர்கின்றது. அதற்கு அவர் இட்ட பெயர் ‘வாக்கர் சுழற்சி’.

நம் பகுதிக்கு இதனால் வந்த பாடம் யாது? எல்நினோ தென்மேற்குப் பருவமழையைப் பெரும்பாலும் குறைக்கும். தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையையோ மிகுவிக்க முற்படும். எல்நினோ வலுத்திருந்த 2015-இல் நாட்டில் தென்மேற்கு மழை குறைந்தது. கடலூரோ ஆண்டின் இறுதியில் வெள்ளத்தில் மூழ்கியது. அதன் எதிர்நிலையாகிய லாநினா தோன்றிய 2016-இல் தமிழகத்தில் வடகிழக்கு மழை பொய்த்தது. ஆயின் லாநினா நிலவிய 2021-இலோ அம்மழை மிகுந்தே பெய்தது. ஆகவே இவ்வுறவு சாய்வைக் காட்டுமேயன்றி விதியாகாது.

மாணவ நண்பர்களே! மழைச்செய்தி கேட்டு விதைப்பவன் தன் நிலத்தைப் பணயம் வைக்கின்றான். அவனுக்கு எண்ணைச் சொல்பவர், அவ்வெண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும். கணிதத்தை விட்டுக் காற்றை ஆராய வந்த வாக்கர் வாழ்நாளெல்லாம் செய்தது அதுவே.