துபாயும் சிங்கப்பூரும்: ஒரே தொலைவு, ஒட்டாத கடிகாரம்

கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்து அய்யனார் கோயிலிலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான் என்றாலும், இடையில் திருப்பரங்குன்றம் மலை நிற்பதால், சாலையில் செல்பவருக்கு அந்தக் கணக்கு உதவுவதில்லை. வானில் அத்தகைய தடை இல்லாததால், இரு ஊர்களுக்கிடையிலான விமானத் தொலைவு என்பது பூமி உருண்டையின் மேற்பரப்பில் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளத்தையே குறிக்கும். பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு பகுதி என்பதால் அது பெருவட்டத் தொலைவு எனப்படுகிறது.

இவ்வாறு அளந்தால் மதுரையிலிருந்து துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர், சிங்கப்பூர் சுமார் 3,010 கிலோமீட்டர். ஒன்று வடமேற்கில், மற்றொன்று தென்கிழக்கில் இருந்தும், வேறுபாடு ஐந்து நிமிடப் பறத்தலுக்குக்கூடத் தேறாது. மணிக்கு 840 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும் இத்தொலைவுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கப்படுவது, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் மேலேறுவதும் இறங்குவதும் அதில் அடங்குவதால்தான்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. தென்மேற்குப் பருவக்காலத்தில் தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கிலிருந்து மேற்காக விரைந்தோடும் காற்றோட்டத்தை இந்திய வானிலையாளர் பி. கோடீஸ்வரம் 1958இல் விளக்கினார். அதன் உச்சவேகம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே அமைந்தாலும், கீழே பரவும் கீழைக்காற்று அம்மாதங்களில் துபாய்ப் பயணத்தின் தென்பகுதியில் பின்னிருந்து தள்ளுகிறது. குளிர்காலத்திலோ வளைகுடாப் பக்கத்து மேலைக்காற்று அதே விமானத்தை எதிர்த்து நிற்கிறது.

ஆயினும் பயணிகளைக் குழப்புவது காற்றைவிடக் கடிகாரமே. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், மதுரைக்கு ஏறத்தாழ 22.7 பாகை மேற்கிலுள்ள துபாயில் பொழுது 91 நிமிடம் பிந்துகிறது. கடிகாரமும் ஒன்றரை மணி நேரமே பிந்துகிறது. 25.9 பாகை கிழக்கிலுள்ள சிங்கப்பூரில் பொழுது 104 நிமிடமே முந்தினாலும், கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்துகிறது. இந்த மிகுதி புவியியல் தந்ததன்று, அரசுகள் தந்தது: மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரத்தை வகுத்தபோது, சிங்கப்பூரும் உடன்சென்று 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது. அங்கே ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியளவில்தான் சூரியன் எழுகிறது.

பயணச்சீட்டில் அச்சிடப்படுவது அந்தந்த ஊரின் நேரம். காலை 10 மணிக்கு மதுரையில் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறப்பவர் துபாயில் 12.45க்கும் சிங்கப்பூரில் மாலை 4.45க்கும் இறங்குவதாகச் சீட்டு காட்டும். சிங்கப்பூரிலிருந்து அதே 10 மணிக்குக் கிளம்பித் திரும்புபவரோ மதுரையில் 11.45க்கே இறங்கி, கீழக்குயில்குடி வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடலாம்.