திரும்பி வந்த மகள்

மரித்த பிள்ளை வீட்டுவாசலில் வந்து அமர்ந்திருப்பதையும் அன்றாட நிகழ்ச்சிபோலச் சொல்லிச்செல்லும் புனைகதையை மாய யதார்த்தம் என்பர். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் 1987-இல் வெளியிட்ட ‘பிலவட்’ என்னும் நாவலையும் விமர்சகர் பலர் இவ்வகையில் சேர்ப்பர். போதகர்கள் இதனை வாசிக்கவேண்டும் என்பது என் எண்ணம். நூலின் முகப்பில் ரோமர் 9:25 நிற்பதனால் மட்டுமன்று.

கதைக்கு வித்து ஓர் உண்மை நிகழ்ச்சி. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்னும் அடிமைப்பெண், உறைந்துகிடந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்குத் தப்பினாள். பிடிக்க வந்தோர் வீட்டைச் சூழ்ந்தபோது, அடிமைத்தனத்திற்குத் திரும்பாதபடி தன் இரண்டு வயது மகளைக் கொன்றாள். அவளைக் கொலைக்காக விசாரிப்பதா, உடைமையாக எஜமானனிடம் ஒப்படைப்பதா என்பதே வழக்காயிற்று. ஒப்படைத்தனர். கொலையாளி என்பதற்கும் அவளை முதலில் மனுஷி என்று ஒப்புக்கொள்ளவேண்டும் அல்லவா?

மாரிசன் படைத்த சேதே என்னும் தாய், தான் கொன்ற குழந்தையின் கல்லறையில் ஒரே சொல்லைப் பொறிக்கிறாள். அடக்க ஆராதனையில் போதகர் சபையாரை விளித்த ‘பிரியமான’ என்பதே அது. நாம் பழக்கத்தினால் உதிர்க்கும் அச்சொல்லுக்கு, அவள் கல்தச்சனிடம் தன் உடலையே விலையாகக் கொடுத்தாள்.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், நீரினின்று எழுந்த ஓர் இளம்பெண் அந்தப் பெயருடனே வருகிறாள். அவள் கொண்டுவருவது தீர்ப்பன்று, பசி. தாய் இரவும் பகலும் தன் செயலை விளக்குகிறாள், மகள் ஏற்பதில்லை. தாய் மெலிய, மகள் பருக்கிறாள். இங்கே மாயம் அலங்காரமன்று. பிள்ளையின் சாவுக்குத் தானே காரணம் என்று எண்ணும் தாயிடம், கர்த்தர் மன்னித்துவிட்டார் என்று சொல்லித் திரும்பிவிடுகிறோம். நானும் அப்படித் திரும்பியிருக்கிறேன். அவள் மன்னிப்புக் கேட்டு நிற்பதோ பிள்ளையிடம்.

உயிரோடிருக்கும் மகள் டென்வர்தான் வீட்டைவிட்டு வெளியேறி உதவி கேட்கிறாள். அடிமைகளைப் பிடிக்க ஆட்கள் வந்த அன்று, முந்தின நாள் விருந்தின்மேல் கொண்ட பொறாமையினால் எச்சரிக்கை அனுப்பாதிருந்த அதே அயலார்தாம் இப்போது இரங்குகின்றனர். முதலில் வந்தது ஜெபமன்று. ஒரு பை மொச்சை, ஒரு கூடை முட்டை, கொடுத்தவர் பெயர் எழுதிய காகிதத்துண்டு. அதன் பின்னரே முப்பது பெண்கள் அந்த வீட்டின்முன் கூடி ஜெபித்துப் பாடினர்.