ஸ்கிரீனுக்கு வராத படங்கள்... அனிமேஷன் புத்தகங்கள் சேர்க்கலாம் வாங்க!

'ஷ்ரெக்' படத்தை டிவியில் எத்தனை தடவை பார்த்திருப்பீங்க? பச்சை ராட்சசன், வாய் ஓயாத கழுதை... 2001-ல் வந்த படம். ஆனால் அதற்கு 11 வருடங்களுக்கு முன்பே, 1990-ல், 'ஷ்ரெக்!' ஒரு ஒல்லியான சித்திரக் கதைப் புத்தகமாக வந்துவிட்டது. எழுதி, வரைந்தவர் வில்லியம் ஸ்டெய்க் என்ற அமெரிக்க கார்ட்டூனிஸ்ட். அப்போது அவருக்கு வயது 80-க்கு மேல். அந்தப் புத்தகத்தின் ஷ்ரெக்கைப் பார்த்துவிட்டுப் படத்தின் ஷ்ரெக்கைப் பார்த்தால், இவர் நம்ம ஊர் ஹீரோ மாதிரி பளபளவென்று தெரிவார்!

புத்தகத்திலிருந்து படத்துக்குப் போன பாதை இது. படத்திலிருந்து புத்தகத்துக்கு வரும் பாதையும் உண்டு. ஒரு அனிமேஷன் படம் எப்படி உருவானது என்பதை, அதற்காக வரைந்த ஓவியங்களோடு சொல்லும் கனமான புத்தகங்கள். 'தி ஆர்ட் ஆஃப் அப்', 'தி ஆர்ட் ஆஃப் ராட்டட்டூயி' என்று படத்தின் பெயரோடு வருவதால், சேர்ப்பவர்கள் சுருக்கமாக 'ஆர்ட் புக்' என்பார்கள். இந்த இரண்டு வகைப் புத்தகங்களையும் தேடித் தேடி வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். உங்களுக்கும் அந்த ஆசை லேசாக எட்டிப் பார்த்தால், பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் சில விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

அப்படி என்னதான் இருக்கு?

"மேக்கிங் வீடியோதான் யூடியூப்லயே கிடைக்குதே, அதுக்கு எதுக்கு இவ்வளவு காசு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மேக்கிங் வீடியோவில் பெரும்பாலும் டைரக்டரும் குரல் கொடுத்த நடிகர்களும் பேசுவார்கள். படத்தில் இருப்பதைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆர்ட் புக்கின் சுவாரஸ்யமே படத்தில் இல்லாததுதான். வேண்டாம் என்று ஒதுக்கிய முகங்கள், கதையிலிருந்து தூக்கிய ஊர்கள், பாதியில் கைவிட்ட கேரக்டர்கள் எல்லாம் அங்கேதான் உயிரோடு இருக்கும்.

'அப்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்ல் தாத்தாவின் முகம் சதுரம், கண்ணாடி சதுரம், உட்காரும் நாற்காலியும் சதுரம். அவர் மனைவி எல்லிக்கு எல்லாமே வளைவு. எல்லி இறந்த பிறகு பக்கத்தில் காலியாகக் கிடக்கும் அந்த வளைவான நாற்காலியைப் பார்க்கும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறதே, அது தற்செயல் இல்லை. யாரோ மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்து வரைந்து பிடித்த விஷயம். படம் பார்க்கும்போது இது நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. புத்தகத்தைப் புரட்டும்போதுதான் "அடப்பாவிகளா, இப்படித்தான் அழவெச்சீங்களா!" என்று புரியும்.

இந்தப் புத்தகங்களில் நான் முதலில் தேடிப் போவது 'கலர் ஸ்கிரிப்ட்' பக்கங்களைத்தான். முழுப் படத்தையும் காட்சி வாரியாகத் தபால்தலை சைஸ் ஓவியங்களாக வரைந்து வரிசையாக அடுக்கியிருப்பார்கள். முகம், கண், மூக்கு எதுவும் தெளிவாக இருக்காது. வண்ணமும் வெளிச்சமும் மட்டும்தான். கதை எங்கே சூடாகிறது, எங்கே இருட்டுகிறது என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடும். பிக்ஸாரின் முதல் முழுநீளப் படமான 'டாய் ஸ்டோரி'க்கு (1995) இதை வரைந்தவர் ரால்ஃப் எகில்ஸ்டன். உலகின் முதல் முழுநீள கம்ப்யூட்டர் அனிமேஷன் படத்துக்கு, மனிதர் கையில் கலர் சாக்பீஸ் போன்ற பேஸ்டலை வைத்துக்கொண்டு திட்டம் போட்டிருக்கிறார்!

இன்னொரு வேடிக்கை. இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் படம் ரிலீஸாகும் நேரத்திலேயே கடைக்கு வந்துவிடும். அப்படியென்றால் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அச்சுக்குப் போயிருக்க வேண்டும். அதனால் கிளைமாக்ஸைச் சொல்லாமல் மழுப்புவார்கள். சில சமயம், கடைசி நேரத்தில் படத்திலிருந்து வெட்டிய காட்சிகூடப் புத்தகத்தில் தங்கிவிடும்.

கழுவி ஊற்றிய ஓவியங்கள்

காகிதத்தில் இருப்பதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று புரிய, கொஞ்சம் பின்னால் போகணும். அந்தக்கால அனிமேஷனில் கண்ணாடி போன்ற 'செல்' தாள்களில்தான் கேரக்டர்களுக்கு வண்ணம் தீட்டுவார்கள். தாள் விலை அதிகம். படப்பிடிப்பு முடிந்ததும் வண்ணத்தைக் கழுவிவிட்டு அதே தாளை மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். 'ஸ்நோ ஒயிட்' (1937) வந்த பிறகு, 1938-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கோர்வாசியே கேலரி வழியாக அந்த ஓவியங்களை விற்க ஆரம்பித்தபோதுதான், "அட, இதுக்கும் மதிப்பு இருக்கே" என்று தெரிந்தது.

இன்றைக்கு டிஸ்னியின் அனிமேஷன் ஆவணக் காப்பகத்தில் சுமார் 6.5 கோடி ஓவியங்களும் பொருட்களும் இருக்கின்றன. ஆனால் அது பொதுமக்கள் போய்ப் பார்க்கிற இடம் இல்லை. இப்போதைய படங்களின் நிலை இன்னும் மோசம். பெரும்பாலானவை நேரடியாக கம்ப்யூட்டரில் வரைபவை, காகிதமே கிடையாது. ஃபைல்கள் ஸ்டூடியோவின் சர்வரில் தூங்கும். ஓ.டி.டி-யிலிருந்து படத்தையே ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிவிடுகிறார்கள், இதில் அதன் ஸ்கெட்ச்சுகளை யார் நமக்குக் காட்டப்போகிறார்கள்? அந்த ஓவியரின் பெயரோடு அவர் உழைப்பு நம் கைக்கு வரும் ஒரே வடிவம் பல சமயம் இந்தப் புத்தகம்தான்.

அதுகூட எல்லாப் படத்துக்கும் அமைவதில்லை. 1999-ல் வந்து தியேட்டரில் படுத்துவிட்ட 'தி அயர்ன் ஜயன்ட்' படத்துக்கு ஆர்ட் புக் வந்தது 2016-ல். ரசிகர்கள் 17 வருடங்கள் காத்திருந்தார்கள்.

25 சென்ட் புதையல்

இப்போது கதைப் புத்தகங்கள் பக்கம் வருவோம். பளபளக்கும் தங்க நிற முதுகோடு வரும் 'லிட்டில் கோல்டன் புக்ஸ்' பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். 1942-ல் அமெரிக்காவில் 12 புத்தகங்களோடு தொடங்கிய வரிசை. விலை வெறும் 25 சென்ட். அந்த 12-ல் ஒன்றான 'தி போக்கி லிட்டில் பப்பி'க்குப் படம் வரைந்த குஸ்தாஃப் டெங்க்ரென், அதற்கு முன் டிஸ்னியில் 'ஸ்நோ ஒயிட்', 'பினோக்கியோ' படங்களுக்குக் காட்சிகளைக் கற்பனை செய்து வரைந்தவர். ஆக, மலிவு விலைக் குழந்தைப் புத்தகத்துக்குள் உட்கார்ந்திருந்தது ஒரு ஸ்டூடியோ ஓவியரின் கை.

இவர் மட்டுமில்லை. 'பாம்பி' (1942) படத்தில் அனிமேட்டராக டைட்டிலில் பெயர் வந்த ரெட்டா ஸ்காட், டிஸ்னியில் அந்தப் பெருமையைப் பெற்ற முதல் பெண். 1950-ல் பெரிய சைஸில் வந்த 'சிண்ட்ரெல்லா' கோல்டன் புத்தகத்துக்கு வரைந்தவர் அவர்தான்.

மேரி பிளேர் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'சிண்ட்ரெல்லா', 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்', 'பீட்டர் பான்' மூன்றுக்கும் வண்ணத்தையும் பாணியையும் யோசித்துக் கொடுத்தவர். தட்டையான வடிவங்கள், யாரும் சேர்க்கத் துணியாத நிறங்கள். வால்ட் டிஸ்னிக்கு அவர் ஓவியங்கள் மேல் அப்படி ஒரு பிரியம். ஆனால் உருண்டு திரண்டு அசையும் கேரக்டர்களோடு அந்தத் தட்டையான பாணி முழுசாக ஒட்டவில்லை. திரைக்கு வந்தது அவர் வரைந்ததில் ஒரு பகுதிதான். 1978-ல் அவர் இறந்துபோனார். அவர் ஓவியங்களையே படங்களாக வைத்து 'சிண்ட்ரெல்லா' கதைப் புத்தகம் வந்தது 2007-ல். படம் வந்து 57 வருடங்கள் கழித்து!

அதனால்தான் சொல்கிறேன், கதைப் புத்தகம் வாங்கும்போது அட்டையில் இளவரசியைப் பார்க்காமல், உள்ளே வரைந்தவர் பெயரைப் பாருங்கள். ஓவியர் பெயர் இல்லாமல் 'ஸ்டோரிபுக் ஆர்ட் டீம்' என்று பொதுவாகப் போட்டிருந்தால், குழந்தைக்கு வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. கலெக்‌ஷனுக்கு அவசரப்பட வேண்டாம்.

மியாசாகியின் மான்

ஜப்பான் பக்கம் போனால் கதையே வேறு. ஸ்டூடியோ ஜிப்லி படங்களுக்கு ஆர்ட் புக்குகள் தவிர, முழு ஸ்டோரிபோர்டும் புத்தகமாக வருகிறது. இடது பக்கம் கட்டம் கட்டமாகப் படங்கள், பக்கத்தில் என்ன நடக்கிறது, என்ன வசனம், எத்தனை விநாடி என்ற குறிப்புகள். ஹயாவோ மியாசாகி தன் படங்களின் ஸ்டோரிபோர்டைத் தானே வரைபவர். அதை முடிப்பதற்குள்ளேயே படத்தின் வேலையை ஆரம்பித்துவிடுவார். ஜப்பானிய மொழியில் ஒரு எழுத்து தெரியாவிட்டாலும் நீங்கள் அந்தப் படத்தைப் பக்கம் பக்கமாக 'பார்த்து' விடலாம்.

கதைப் புத்தகமும் உண்டு. திபெத்திய நாட்டுப்புறக் கதை ஒன்றை வைத்து அவர் வாட்டர் கலரில் வரைந்த 'ஷூனாஸ் ஜர்னி' 1983-ல் வெளியானது. அதில் இளவரசன் ஏறிப் போகும் மான் போன்ற விலங்கின் பெயர் யாக்குல். 14 வருடங்கள் கழித்து 'பிரின்சஸ் மோனோனோக்கே'யில் ஹீரோ ஏறி வருவதும் யாக்குல்தான்! இந்தப் புத்தகம் ஆங்கிலத்தில் வந்ததோ 2022-ல்தான். ஜிப்லி ரசிகர் என்றால் இதிலிருந்து தொடங்குங்கள்.

நமக்குப் பக்கத்து வீட்டு வாசனை வேண்டுமா? 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்' (2023) ஆர்ட் புக் இருக்கிறது. பவித்ர் பிரபாகர் வாழும் 'மும்பாட்டன்' நகரத்துக்கான பாணியை, நம் நாட்டின் பழைய இந்திரஜால் காமிக்ஸிலிருந்து எடுத்தார்கள்.

வாங்கும்போது...

புது ஆர்ட் புக் ஒன்றின் அமெரிக்க விலையே பெரும்பாலும் 40 டாலர் அல்லது அதற்கு மேல். நம் ஊருக்கு வரும்போது 3,000 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். அதனால் ரிலீஸ் அன்றே வாங்கும் ஆவேசம் வேண்டாம். விற்காத பிரதிகளின் ரேட்டு சில மாதங்களில் இறங்குவதுண்டு. ஆனால் ரொம்பவும் காத்திருந்தால் அச்சில் இல்லாமலே போய்விடும், பிறகு விலை எகிறும். பழைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் தேடி அலைந்தவர்களுக்கு இந்த வலி தெரியும்.

கிலோ கணக்கில் பழைய ஆங்கிலப் புத்தகம் விற்கும் கண்காட்சிகளில் குழந்தைகள் பகுதியைக் கிளறுங்கள். வெளிநாட்டு நூலக முத்திரையோடு நல்ல சித்திரப் புத்தகங்கள் அங்கே கிடைக்கும். முத்திரை குத்திய பிரதிக்கு மறுவிற்பனை மதிப்பு குறைவு. படிக்க வாங்குகிற நமக்கு அது வசதிதானே!

எந்தப் பதிப்பு என்று பார்க்க, காப்புரிமைப் பக்கத்தில் 10 முதல் 1 வரை எண்கள் வரிசையாக இருக்கிறதா பாருங்கள். அதில் மீதமிருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். 1 இருந்தால் முதல் அச்சு. 1947-லிருந்து சுமார் 1970 வரை வந்த லிட்டில் கோல்டன் புத்தகங்களில் கடைசிப் பக்கத்தின் கீழே, முதுகை ஒட்டி ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். 'ஏ' என்றால் முதல் பதிப்பு, 'பி' என்றால் இரண்டாவது.

ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைத்தால் உஷார். ஸ்கேன் செய்து அடித்த திருட்டுப் பதிப்பாக இருக்கலாம். ஓவியங்களுக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். விற்பவரிடம் காப்புரிமைப் பக்கத்தையும் உள்பக்கம் ஒன்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்து, விலை ஏறும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாது. உள்ளே கலர் ஸ்கிரிப்ட் இருக்கிறது என்று தெரிந்தும் எப்படிப் பிரிக்காமல் இருக்க முடியும்?

நம்ம ஊர் வெயிலும் பூச்சியும்

வழவழப்பான ஆர்ட் பேப்பருக்குப் பெரிய எதிரி தண்ணீர். நனைந்து, மூடியபடியே காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி ஆகிவிடும். பிரித்தால் ஓவியம் உரிந்து வரும். எனவே தரையோடு இருக்கும் கீழ்த் தட்டில் இவற்றை வைக்கவே வைக்காதீர்கள். மழை வெள்ளம் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தப்பித் தவறி நனைந்துவிட்டால், ஈரமாக இருக்கும்போதே பக்கங்களை மெதுவாகப் பிரித்து, ஃபேன் காற்றில் விரித்து வையுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம்.

பெரிய, கனமான புத்தகங்களை நிற்க வைத்தால் நாளடைவில் பைண்டிங் தொங்கிவிடும். படுக்க வையுங்கள், மூன்று நான்குக்கு மேல் அடுக்காதீர்கள். ராமபாணப் பூச்சி இருட்டும் ஈரமும் உள்ள இடத்தைத் தேடி வரும். அலமாரிக்குள் காற்றாடவிட்டு, மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துப் புரட்டினாலே பாதித் தொல்லை குறையும். எப்படியும் புரட்டத்தானே வாங்கினோம்?

முதல் புத்தகம் எது வாங்கலாம்? வரையக் கற்றுக்கொள்பவர் என்றால், டிஸ்னியின் மூத்த அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் எழுதிய 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்' (1981). 500 பக்கங்களுக்கு மேல் போகும். அனிமேஷனின் 12 அடிப்படை விதிகளை அதில் எழுதிவைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் அனிமேஷன் வகுப்புகளில் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள். மற்றவர்கள், வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாகிப்போன படம் எதுவோ அதன் ஆர்ட் புக்கைத் தேடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படத்தை ஓடவிட்டு, மடியில் கலர் ஸ்கிரிப்ட் பக்கத்தைத் திறந்துவைத்து, காட்சி காட்சியாக பாஸ் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ரிமோட்டைக் குட்டீஸ் கையில் கொடுத்துவிடுங்கள்.