பழங்கணினியும் பைதனின் பழம்பதிப்பும்

மக்கள் பேசும் மொழியிற் பழைய வழக்குச் சிறிது சிறிதாகவே மறையும். பாட்டன் சொன்னதைப் பேரன் உணர்வதில் இடரில்லை. கணினிக்கென ஆக்கப்பட்ட மொழியோ அத்தகையதன்று. அதனை ஆக்கியோர் ஒரு நாளிற் புதுப்பதிப்பை வெளியிடுவர். மற்றொரு நாளிற் பழம்பதிப்பைப் பேணுதலைக் கைவிடுவர். அவ்வாறு கைவிடப்பட்ட பதிப்பைத் தேடி நிறுவுதல் வேண்டுமோ எனின், சிலவிடத்து வேண்டும் என்பதே விடையாகும்.

பைதன் மொழியை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்மொழி, இலங்கையில் உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திற் பயிலப்படுகின்றது. இதன் மூன்றாம் பெரும்பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பெரும்பதிப்பைப் பேணுதல் 2020 ஜனவரி 1 ஆம் நாளோடு முடிவுற்றது.

இவ்விரண்டும் பெயரளவில் மட்டும் வேறுபட்டன அல்ல. ஏழை இரண்டால் வகுக்குமாறு பணித்தால், இரண்டாம் பதிப்பு 3 என்னும். மூன்றாம் பதிப்பு 3.5 என்னும். ‘இன்புட்’ என்னுங் கட்டளைக்கு மாணவி தன் பெயரை விடையாகத் தட்டினால், மூன்றாம் பதிப்பு அதனை எழுத்துத் தொடராக ஏற்கும். இரண்டாம் பதிப்போ அதனைக் கணிக்க வேண்டிய ஒரு கோவையெனக் கொண்டு பிழை காட்டும். பாடநூலிற் கண்டவாறே எழுதியும் விடை பிழைக்குமாயின், மாணவி தன் அறிவையே ஐயுறுவாள். பிழை அவளதன்று, பதிப்பினது என்று எடுத்துரைத்தல் ஆசிரியர் கடனாகும்.

இனி, பசறை, லுணுகலை, நமுனுகுலை முதலிய மலைப்புறங்களில், தோட்டப் பாடசாலையொன்றுக்குக் கிடைத்தது விண்டோஸ் 7 உள்ள பழங்கணினியே எனக் கொள்வோம். பைதனின் அண்மைப் பதிப்பு அதில் நிறுவப்படாது. 3.9 ஆம் பதிப்பு முதல் விண்டோஸ் 7 விலக்கப்பட்டது, 3.5 ஆம் பதிப்பு முதல் விண்டோஸ் எக்ஸ்பி விலக்கப்பட்டது. ஆகவே, முன்னதற்கு 3.8 உம் பின்னதற்கு 3.4 உமே எல்லையாம். பொறி பழையது என்பதற்காக இரண்டாம் பதிப்புக்கு இறங்க வேண்டுவதில்லை. பொறி தாங்கக்கூடியவற்றுள் மிகவும் பிந்தியதைத் தெரிதலே நெறியாகும். மாறிகள், தெரிவுகள், சுழற்சிகள், சார்புகள், கோப்புகள் ஆகிய உயர்தரப் பாடப்பகுதிகளைப் பயில 3.8 போதியதே.

நிறுவும் முறையும் அரிதன்று. முதற்கண், கணினி 32 பிட்டினதா 64 பிட்டினதா என்பதையும், விண்டோஸ் 7 ஆயின் அதன் முதலாம் சர்வீஸ் பேக் உளதா என்பதையும் அறிதல் வேண்டும். அடுத்து, பைதனின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே கோப்பைப் பெறுதல் வேண்டும். அங்குப் பழம்பதிப்புகள் யாவும் பேணப்படுகின்றன. ஈண்டுப் பலர் இடறுவது ஒன்றுண்டு. 3.8 வரிசையின் இறுதி வெளியீடு 3.8.20 ஆயினும், விண்டோஸுக்குரிய நிறுவற் கோப்பு 3.8.10 உடன் நின்றுவிட்டது. பின்னையவை மூலநிரலாக மட்டுமே கிடைப்பன. அவ்வாறே 3.4 வரிசையில் 3.4.4 ஐயே தெரிதல் வேண்டும். இக்கோப்பு 30 மெகாபைட்டுக்கும் குறைவாதலின், பதுளை நகரில் இறக்கிப் பென் டிரைவிற் கொண்டு செல்லலாம். தோட்டத்தில் இணையம் வேண்டுவதில்லை. 3.8 ஐ நிறுவத் தொடங்குகையில், பைதனைப் பாதைப் பட்டியலிற் சேர்க்குங் கட்டத்தைத் தெரிவு செய்தல் நன்று. இன்றேல், கட்டளைச் சாளரத்திற் ‘பைதன்’ எனத் தட்டியதும் கணினி அதனை அறியாது போகும். நிறுவியபின் ஏழை இரண்டால் வகுத்துப் பார்த்தால் பதிப்பின் இயல்பு தெளிவாகும்.

எனினும் எச்சரிக்கை ஒன்று உண்டு. இப்பதிப்புகளுக்கும், இவற்றைத் தாங்கும் பழைய விண்டோஸுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வாரா. ஆதலின், அக்கணினியை இணையத்தோடு இணையாது பயிற்சிக்கு மட்டும் வைத்தலே தகும்.

பழம்பதிப்பைக் கையாளுதல் இழிவன்று. அது பழம்பதிப்பென அறியாது கையாளுதலே தீங்கு. தன் பொறியின் எல்லையை அறிந்து பயின்ற மாணவன், நாளை புதுப்பொறி கிடைக்குங்கால் தயங்கான். வேறுபாடு எங்குள்ளது என்பதை அவன் முன்னரே அறிவான்.