விண்ணப்பப் புகைப்படத்தை வீட்டுக் கணினியிலேயே சரிசெய்யலாம்

ஒலக்கூரில் ஒருநாள் இஷா தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஒரு சகோதரர் நம்மைப் பிடித்துக்கொண்டார். மகள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு விண்ணப்பிக்கிறாள். மறுநாள் கடைசித் தேதி. செல்போனில் எடுத்த படத்தைத் தளம் ஏற்க மறுக்கிறது. திண்டிவனம் போனாலும் அந்த நேரத்தில் பிரவுசிங் சென்டர் திறந்திருக்காது. ஆனால் வீட்டில், மகன் பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினி இருந்தது. வேண்டிய மென்பொருள் அதற்குள்ளேயே இருப்பது யாருக்கும் தெரியவில்லை. நமக்கும் இதை மதரஸாவிலோ கலைக் கல்லூரியிலோ யாரும் சொல்லித் தரவில்லை, தட்டுத்தடுமாறிக் கற்றதுதான்.

டி.என்.பி.எஸ்.சி. கேட்பது 20 முதல் 50 கேபி வரையிலான புகைப்படம், 10 முதல் 20 கேபி வரையிலான கையொப்பம். செல்போன் படமோ 3 எம்பி, அதாவது அறுபது மடங்கு பெரியது. 3000க்கு 4000 என்ற அளவில் எடுத்த படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கும். அதையே 300க்கு 400 ஆக்கினால் 1 லட்சத்து 20 ஆயிரம்தான். கோப்பும் அதற்கேற்பச் சுருங்கிவிடும்.

முதலில் படத்தை நகல் எடுத்து வையுங்கள். நகலின் மேல் வலது கிளிக் செய்து, 'ஓபன் வித்' வழியாக 'பெயிண்ட்' மென்பொருளில் திறங்கள். 'செலக்ட்' கொண்டு தலையும் தோளும் வரும்படி கட்டம் இழுத்து 'கிராப்' அழுத்துங்கள். அடுத்து 'ரீசைஸ்'. அதில் 'பிக்சல்ஸ்' என்பதைத் தேர்ந்து அகலத்துக்கு 300 கொடுங்கள். 'மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ'வில் டிக் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், இல்லையென்றால் முகம் நசுங்கிவிடும். பிறகு 'சேவ் ஆஸ்' போய் ஜேபெக் வடிவில் வேறு பெயரில் சேமியுங்கள். கோப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' எத்தனை கேபி என்று காட்டும். கூடினால் அகலத்தைக் குறைத்து, மூலப் படத்திலிருந்தே மறுபடி செய்யுங்கள். சுருக்கிய படத்தைப் பெரிதாக்கினால் போன தெளிவு திரும்பாது. ஸ்டுடியோக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கிவிடும்.

வெளிச்சம் குறைந்த படத்துக்கு விண்டோஸ் 10, 11இல் உள்ள 'போட்டோஸ்' உதவும். படத்தைத் திறந்து கண்ட்ரோலுடன் 'ஈ' அழுத்தினால் சாய்வை நிமிர்த்தலாம், வெளிச்சத்தைக் கூட்டலாம், நிழலை இளக்கலாம்.

எதுவரை திருத்தலாம் என்பதுதான் முக்கியம். அந்தப் பெண்ணின் முகத்தில் ஹிஜாபின் நிழல் விழுந்திருந்தது. "அப்படியே கொஞ்சம் வெளுப்பாவும் ஆக்கிடுங்க ஹஜ்ரத்" என்றார் தாயார். நாம் மறுத்துவிட்டோம். தேர்வறையில் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பவரிடம் அவள்தானே நிற்க வேண்டும்? பாஸ்போர்ட்டுக்கான ஐ.சி.ஏ.ஓ. விதிகளும் மென்பொருளால் முகத்தை மாற்றுவதை ஏற்பதில்லை. மார்க்கத்துக்காகத் தலையை மறைப்பதற்கு அங்கே அனுமதி உண்டு. ஆனால் நெற்றியிலிருந்து தாடை வரையிலும் முகத்தின் இரு ஓரங்களும் நிழலின்றித் தெரிய வேண்டும்.

நிக்காஹ் பேச்சுக்கு அனுப்பும் படங்களில் இந்த வெளுப்பாக்கும் வேலை இன்னும் அதிகம் நடக்கிறது. மச்சத்தை அழிக்கிறார்கள், நிறத்தை மாற்றுகிறார்கள். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நம்மில் பலருக்குத் தெரியும். வெளிச்சத்தைச் சரிசெய்வது இருப்பதைக் காட்டுவது. நிறத்தை மாற்றுவது ஈரத்தை அடியில் தள்ளுவது.

நிழலுக்கு நாம் சொன்ன வழி எளியது. காலையில் ஜன்னலுக்கு எதிரே நின்று, வெள்ளைச் சுவர் பின்னால் இருக்க, துணியை நெற்றியிலிருந்து சற்றே பின்னுக்குத் தள்ளி இன்னொரு படம் எடுக்கச் சொன்னோம். மறுநாள் பஜ்ருக்குப் பின் அப்படியே எடுத்து, அவளே பெயிண்டில் சுருக்கினாள். 38 கேபி வந்தது. மதியத்துக்குள் விண்ணப்பம் போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ்.