நின்ற லாரியின் இரைச்சல்

அம்மாபேட்டைத் தறிகளுக்கு நூலும், சேகோ ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கும் சுமக்கும் பழைய டீசல் லாரிகள் சில, நின்ற நிலையிலும் இரைந்து ஓடுகின்றன. டீசல் கணக்கு ஏறியிருக்கக் கண்டால் நாம் முதலில் வினவுவது இதைத்தான். உடனே ஐடிலிங் திருகைத் திருப்புவதை ஏற்பதற்கில்லை. பெடலை விட்டதும் லீவர் முழுதும் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பாவிடில், தளர்ந்த ஸ்பிரிங்கோ அழுக்கேறிய இணைப்புக் கம்பியோ காரணமாகலாம்.

லீவர் சரியெனில், காற்று வெற்றிடத்தால் இயங்கும் கவர்னர் உள்ள வண்டிகளில், மானிபோல்டிலிருந்து பம்புக்குச் செல்லும் மெல்லிய குழாயை ஆராய்க. அது வெடித்தாலும், கவர்னருக்குள் டயாபிரம் கிழிந்தாலும் வெற்றிடம் குன்றும். உள்ளிருக்கும் ஸ்பிரிங் டீசலை மிகுவிக்கும். குழாய் கழன்றுவிட்டாலோ எஞ்சின் கட்டுக்கடங்காது. ஆதலின், டீசலை நிறுத்தும் கம்பி செவ்வனே இயங்குவதைச் சோதித்த பின்னரே பழுதுபார்க்கத் தொடங்குக. திருகைத் தொடுவது இறுதியில், எஞ்சின் நன்கு சூடேறிய பின்பு.