‘தங்கல்’ காட்டாத குஸ்தி

2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் பெண்களுக்கான 55 கிலோ மல்யுத்த இறுதி ஆட்டம் அதிக நேரம் நீடிக்கவில்லை. ஹரியானாவின் பலாலி கிராமத்தைச் சேர்ந்த கீதா போகட், ஆஸ்திரேலிய வீராங்கனையை முதல் இரண்டு சுற்றுகளிலேயே வென்று தங்கம் வாங்கினார். காமன்வெல்த் மல்யுத்தத்தில் இந்தியப் பெண் ஒருவர் வென்ற முதல் தங்கம் அது.

கீதாவின் கதையைச் சொல்லி 2016 டிசம்பரில் வெளியான ‘தங்கல்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருப்பது வேறோர் ஆட்டம். அதில் கீதா தோல்வியின் விளிம்பில் நிற்கிறார். அப்பாவை ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அவர் முன்பு சொல்லித்தந்ததை நினைத்துக்கொண்டு, கடைசி நொடிகளில் எதிராளியைத் தூக்கி வீசி மகள் ஜெயிக்கிறார். பூட்டிய அறையும் கடைசி நொடிப் பதற்றமும் திரைக்கதைக்காகச் சேர்க்கப்பட்டவை.

சினிமாவுக்குக் கற்பனை வேண்டும். ‘தங்கல்’ செய்த நன்மையும் பெரியது. பெண் பிள்ளைகள் மண்ணில் புரண்டு குஸ்தி போடுவதை லட்சக்கணக்கான குடும்பங்கள் பெருமையோடு பார்த்தன. ஆனால் அந்தக் கற்பனை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மகள் கூந்தல் வளர்ப்பதும், புதிய பயிற்சியாளரின் உத்தியைக் கற்பதும் படத்தில் வழிதவறலாகின்றன. அப்பாவின் சொல்லுக்குத் திரும்பிய பிறகே வெற்றி வருகிறது. நல்ல வீராங்கனை என்பவள் சொன்னபடி கேட்டு, நாட்டுக்குப் பதக்கம் கொண்டுவருபவள் என்ற எண்ணத்தோடுதான் ரசிகர் வெளியே வருகிறார்.

அந்த எண்ணத்துக்கு 2023-இல் சோதனை வந்தது. கீதாவின் அப்பா மகாவீர் போகட்டிடம் பயிற்சி பெற்ற அவருடைய தம்பி மகள் வினேஷ், ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். மல்யுத்தக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர்மீது எழுந்த பாலியல் புகார்களுக்கு நடவடிக்கை கேட்டார்கள். அவர் புகார்களை மறுத்தார். மே 28 அன்று போலீசார் அவர்களை இழுத்துச் சென்று வண்டியில் ஏற்றினார்கள். விவசாயிகள் பலர் துணை நின்றார்கள். ஆனால் ‘விளையாட்டு வீரர்களுக்கு எதற்கு அரசியல்?’ என்று கேட்ட குரல்களும் குறைவில்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், அதுவரை சர்வதேசத் தோல்வியே காணாத ஜப்பானின் யுய் சுசாகியை வினேஷ் வீழ்த்தினார். இறுதிப் போட்டிக்கும் முன்னேறினார். இரவெல்லாம் எடை குறைக்கப் போராடி, முடியையும் வெட்டிய பிறகு, மறுநாள் காலை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதியிழந்தார். எடைக்காக உடலை வாட்டுவது மல்யுத்தக்காரர்களின் அன்றாடம். ஆனாலும் அன்று பலருக்கு அது புதுச் செய்தியாகவே இருந்தது.

வீரர்கள் படும் இந்தப் பாடுகளைச் சினிமாவால் சொல்ல முடியாது என்பதில்லை. ‘தங்கல்’ வந்த அதே ஆண்டில் சுதா கொங்கராவின் ‘இறுதிச் சுற்று’, சங்கப் பொறுப்பில் இருப்பவரே வீராங்கனைக்குத் தரும் தொல்லையை நேராகக் காட்டியது. பா.ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ குத்துச்சண்டைக்காரன் சரிந்து கிடக்கும் ஆண்டுகளிலும் அவனோடு இருந்தது.

இப்படிப்பட்ட படங்கள் பெருக வேண்டும். விளையாட்டு ஓர் உழைப்பு. அதைச் செய்பவருக்கு நியாயமான ஊதியமும் பாதுகாப்பும், புகார் சொன்னால் காதுகொடுத்துக் கேட்கும் அமைப்பும் வேண்டும். பதக்கம் வாங்கிய நாளில் கைதட்டுகிறவர்கள், அவர் நீதி கேட்டுத் தெருவுக்கு வரும் நாளிலும் பக்கத்தில் நிற்க வேண்டும்.